கட்டணம் வாங்கும் கைக்குக் கடமை இல்லையா?

தோழனே!

ஒரு காட்சியை உன் மனக்கண் முன் நிறுத்து. நள்ளிரவு கடந்த நேரம். திருச்சியிலிருந்து சென்னை நோக்கி ஒரு வாடகைக் கார் விரைகிறது. ஓட்டுபவன் சீமானல்ல, தவணைக்கு வண்டி வாங்கி, அந்தத் தவணையைக் கட்டத் தன் தூக்கத்தை விற்றுக்கொண்டிருப்பவன். உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி, நடுச்சாலையில் ஒரு கருங்கல் கிடக்கிறது. தார்ப்பாய் மூடாது போன ஏதோ ஒரு லாரி உதிர்த்த கல்! கண் காண்பதற்குள் சக்கரம் ஏறிவிட்டது. டயர் கிழிந்தது, சக்கர விளிம்பு நெளிந்தது, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி உடைந்தது. உயிர் தப்பியது, பிழைப்புத் தப்பவில்லை.

விடிந்ததும் அவன் கேட்கிறான்: "இந்த நட்டம் யாருடையது?"

காப்பீட்டுக்காரர் கூறுகிறார்: "சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீடு, அது பிறருக்கு விளையும் தீங்குக்கே. முழுக்காப்பீடு எடுத்திருந்தால் தருவோம். ஆனால் டயர் மட்டும் கிழிந்தால் தரமாட்டோம். வண்டியும் சேர்ந்து உடைந்தால் டயர் விலையிலே பாதி. பணம் கேட்டுவிட்டால், கேட்காதவருக்கு அளிக்கும் சலுகை, 20 முதல் 50 விழுக்காடு வரை உயர்வதாயிற்றே, அது போய்விடும்."

லாரிக்காரரோ காற்றிலே கலந்துவிட்டார். அவரைக் கண்டுபிடித்தால் வழக்கிடலாம், கண்டுபிடிப்பது யார்?

சாலைக்காரர் சட்டப்புத்தகத்தைக் காட்டுகிறார். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 198ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தனர். சாலையைச் செம்மையாகப் பராமரிக்கத் தவறினால் பொறுப்பாளருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்! கேட்க இனிக்கிறது. ஆனால் அந்தத் தவறால் உயிர் போகவேண்டும், அல்லது உறுப்பு ஊனமுறவேண்டும். அப்போதும் அந்தத் தொகை சேருவது அரசின் விபத்து நிதிக்கு! வண்டி மட்டும் உடைந்தவனுக்கு அந்தப் பிரிவிலே ஒரு வரியும் இல்லை.

நீதிமன்றம் போகலாமே என்பாய். போகலாம், தோழனே, பொறுமையும் ஆயுளும் இருந்தால்! ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் மாண்டார். மாநகராட்சி பொறுப்பல்ல என்றது உச்ச நீதிமன்றம், 1997இல். டெல்லியில் 1964ஆம் ஆண்டு ஸ்கூட்டரில் சென்றவர் மீது மரக்கிளை முறிந்து விழுந்தது. மாநகராட்சியே பொறுப்பு என்று அதே நீதிமன்றம் முடிவு கூறியது, 1999இல். கிளை விழ ஒரு கணம். தீர்ப்பு விழ 35 ஆண்டு! உயிருக்கே இந்தக் கணக்கென்றால், டயருக்கு?

"கார் வைத்திருப்பவன் வசதி படைத்தவன்தானே, தாங்கிக்கொள்ளட்டும்" என்று சிலர் கூறுவர். அந்தக் கல்லுக்கு வாடகைக் காரும் தெரியாது, வங்கி மேலாளர் காரும் தெரியாது, இரு சக்கர வண்டியிலே பால் கொண்டுபோகும் இளைஞனையும் தெரியாது. காரின் டயரைக் கிழிக்கும் கல், அவன் மண்டையைப் பிளக்கும்.

"ஒரு நிமிடத்துக்கு முன் விழுந்த கல்லுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?" என்று சாலைக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு நிமிடமாகக் கிடந்ததா, ஒரு நாளாகக் கிடந்ததா என்பதை அறிந்தவர் யார்? ரோந்து வண்டி அவருடையது. ரோந்துக் குறிப்பேடு அவருடையது. சுங்கச்சாவடிக் கேமராவும் அவருடையது. கட்டணம் செலுத்தாத வண்டியைக் கண்டுபிடிக்கும் அந்தக் கண்ணுக்கு, கல்லைச் சிந்திக்கொண்டு போகும் லாரி மட்டும் தெரியாதா? ஆகவே, மெய்ப்பிக்கும் சுமையை வழிப்போக்கன் தோளில் ஏற்றாதே, சாலையைக் காப்பவன் தோளில் ஏற்று என்கிறோம். முதலில் அவன் ஈடு தரட்டும்; பிறகு லாரிக்காரரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ வசூலித்துக்கொள்ளட்டும்.

இது ஆகாத காரியமல்ல. 2025 ஆகஸ்டில், திருச்சூருக்கு அருகே பாலியக்கரைச் சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்குவதைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. காரணம், சாலையின் சீர்கேடும் நெரிசலும். உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. கட்டணமும் கடமையும் இரட்டைப் பிள்ளைகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டம் மாறும் வரை சோர்ந்திராதே! கல்லையும் வண்டியையும் படம் எடு. கட்டணச் சான்றைப் பத்திரப்படுத்து. தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய். முடிந்தால், உன் பின்னே வருபவனுக்காக அந்தக் கல்லை ஓரமாகத் தள்ளிவிடு.

சாவடியைக் கடக்கும்போது உன் கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது. ஒரு கணமும் தாமதமில்லை. உனக்கு வரவேண்டியது மட்டும் ஏன் 35 ஆண்டு காத்திருக்க வேண்டும்? கேள், தோழனே! கல் சிறிதுதான், கேள்வி பெரிது!