லயத்து வாசலோடு நின்ற நிலச் சீர்திருத்தம்

(நமது பாலக்காடு நிருபர்)

சித்தூர் தாலுகாவில் வயல் வேலை செய்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிடம் வீடு இருக்கும் பத்து சென்டுக்குப் பட்டா உண்டு. தேவிகுளம் தாலுகாவில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் குடும்பங்களில் பெரும்பாலோரிடம் அது இல்லை. இரண்டும் கேரளம்தான், இருவரும் தமிழர்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

வடகேரளத்தில் சுதந்திரப் போராட்டமும் குத்தகை விவசாயிகளின் போராட்டமும் பின்னிப் பிணைந்து வளர்ந்தவை. 1943-ல் கையூர் விவசாயிகள் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். 1946-ல் கரிவள்ளூரில் நெல்லைக் கொண்டு போகவிடாமல் தடுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐக்கிய கேரளம் கேட்டவர்களில் பலர் உழுபவனுக்கு நிலமும் கேட்டனர். 1957-ல் பதவியேற்ற ஈ.எம்.எஸ். மந்திரிசபை உடனே குடியானவரை வெளியேற்றத் தடை விதித்தது. 1970 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த சட்டத்தால், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ள வழி பிறந்தது.

ஆனால் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. லயம் தோட்டத்தின் சொத்து. வேலை உள்ளவரைதான் வீடு.

எல்லைப் பிரச்னையிலும் இதே நிலைதான். தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையினர் என்பதால் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதைக் கேட்டது. 1955-ல் அறிக்கை தந்த பசல் அலி கமிஷனோ, அவர்கள் தோட்ட வேலைக்கு வந்துபோகும் கூட்டம் என்பதையும் ஒரு காரணமாகக் கருதியது. நிலமில்லாதவன் எத்தனை தலைமுறை உழைத்தாலும் வந்தவனாகவே எண்ணப்பட்டான்!

தேவிகுளம் தமிழகத்தோடு சேர்ந்திருந்தால் நிலம் கிடைத்திருக்குமா? வால்பாறையைப் பார்த்தால் பதில் தெரியும். தமிழ்நாட்டின் 1961-ம் வருஷத்து உச்சவரம்புச் சட்டமும் தோட்டங்களுக்கு விலக்குத் தந்தது. அங்கும் தொழிலாளி குடியிருப்பது லயத்தில்தான். ஆகவே மொழியை மட்டும் பேசி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

1971-ல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கச் சட்டம் செய்தது. தேயிலைப் பயிரிட்ட பகுதி கம்பெனியிடமே இருந்தது. மீட்ட நிலத்தை விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் பதித்துக் கொடுக்கலாம் என்று அச்சட்டமே கூறுகிறது. அந்த வாக்கு லயங்களை முழுமையாக எட்டவில்லை.

2015-ல் மூணாறு பெண்கள் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் பெற்றார்கள். தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று. நிலம் அப்படியே நின்றது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. அதன் பிறகு 8 குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் நிலமும் வீடும் கிடைத்தன.

ஐந்து சென்ட் நிலம் பெற மலை சரிய வேண்டுமா? தொழிற்சங்கங்கள் எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் சரி, கூலிக்கும் போனஸுக்கும் அடுத்தபடியாக 1971-ம் வருஷத்துச் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டும். ஓய்வு பெறும் நாளில் லயத்தைக் காலி செய்பவருக்கு, போய் இறங்க ஒரு வாசல் வேண்டும்.