தேதியில்லாக் கடிகாரமே நெடுநாள் வாழும்

கடலுக்கடியில் இறங்கும் மனிதனின் மணிக்கட்டுக்கென்றே தோன்றிய கைக்கடிகாரங்கள், இன்று பெரும்பாலும் கடலையே காணாமல் அலுவலகங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் உலவி வந்தாலும், லட்சக்கணக்கில் பணம் கொடுத்து அவற்றை வாங்குகிறவர்கள், தங்கள் காலத்துக்குப் பிறகு அவை மக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையோடுதான் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை வீண்போகாதிருக்க வேண்டுமானால், வாங்கும் நாளிலேயே தீர்மானிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு; முகப்பில் தேதி காட்டும் சிறு ஜன்னல் வேண்டுமா, வேண்டாமா என்பதே அது. வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்குக் காரணம் அழகுணர்ச்சியல்ல, ஐம்பது வருஷப் பராமரிப்பைப் பற்றிய கவலையே.

இந்தக் கடிகாரங்களின் பிறப்பிலேயே என் கட்சிக்கு ஆதாரம் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்குத் தலைமை வகித்த மலூபியே, ரிஃபோ என்ற இரு அதிகாரிகள், இருளிலும் குளிரிலும் நம்பக்கூடிய ஒரு கடிகாரத்தைத் தேடி அலைந்தபோது, சுவிட்சர்லாந்தின் பிளான்பான் நிறுவனத்தை நடத்திவந்த ழான் ழாக் ஃபீஷ்டர், தாமே கடலில் மூழ்கும் பழக்கமுடையவராகையால், அவர்களுடைய தேவையைச் சொல்லாமலே உணர்ந்திருந்தார். 1953இல் வெளிவந்த அவருடைய ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ கடிகாரத்தில், சாவி கொடுக்கும் குமிழின் தண்டுக்கு இரட்டை ரப்பர் வளையங்களை அமைத்ததோடு நில்லாமல், கை அசைவினாலேயே தானாகச் சாவி ஏறும் யந்திரத்தையும் அவர் வற்புறுத்தி வைத்தார். அது சௌகரியத்துக்காக மட்டும் செய்ததன்று. தினந்தோறும் குமிழைத் திருகினால் அந்த வளையங்கள் தேய்ந்து நீருக்கு வழிவிடும் என்ற தீர்க்கதரிசனத்தால் செய்தது. குமிழை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவுக்கு உள்ளே இருக்கும் யந்திரம் பிழைத்திருக்கும் என்பதே முக்குளிப்புக் கடிகாரத்தின் மூல சித்தாந்தம். தேதி ஜன்னல் அந்தச் சித்தாந்தத்துக்கு நேர் விரோதமானது.

எஃகைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. 1960ஆம் வருஷம் ஜனவரி 23ஆம் தேதி, ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ‘டிரியெஸ்ட்’ என்ற கலத்தில் மரியானா அகழியின் அடித்தளத்துக்கு, அதாவது ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியபோது, கலத்தின் வெளிப்புறத்தில் பிணைக்கப்பட்டிருந்த ரோலெக்ஸ் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டே மேலே வந்தது. எஃகும் கண்ணாடியும் அத்தகைய அழுத்தத்தையே தாங்க வல்லவை. ஆனால் முதுகு மூடியின் அடியிலும் கண்ணாடியின் விளிம்பிலும் குமிழின் தண்டிலும் அமர்ந்திருக்கும் அற்பமான ரப்பர் வளையங்கள், வியர்வையாலும் சோப்பாலும் உஷ்ணத்தாலும், இவை எதுவுமில்லாவிட்டாலும் காலத்தாலும், இறுகி வெடித்துப் போகின்றன. முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேச விதியின்படி, ஒவ்வொரு கடிகாரமும் அதன்மேல் பொறித்துள்ள ஆழத்தைவிட 25 சதவீதம் அதிகமான அழுத்தத்தில் பரீட்சிக்கப்பட வேண்டும் என்பது உண்மைதான். எனினும் அந்த அத்தாட்சி புதிய வளையங்களுக்குக் கிடைத்ததேயன்றி, பத்து வருஷம் கழித்து அதே கடிகாரத்தோடு கடலில் குதிப்பவருக்குக் கிடைத்ததல்ல.

இனி தேதிக்கு வருவோம். சாதாரணத் தேதிச் சக்கரத்துக்கு எல்லா மாதமும் 31 நாள்தான். ஆகவே, பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களும் முடியும்போதெல்லாம், ஒரு நாளும் கழற்றாமல் அணிகிறவர்கூடக் குமிழைத் திருகித் திறந்து, தேதியைத் திருத்தி, மீண்டும் இறுக்கியாக வேண்டும். ஐம்பது வருஷத்தில் இது 250 தடவை. ஒவ்வொரு தடவையும் திருகின் மரைகள் சிறிது தேய்கின்றன, வளையம் சிறிது உராய்கிறது; நம் கடற்கரையூர்களில் திறந்தால், ஈரக்காற்றும் உள்ளே புகுந்துவிட இடமுண்டு. தேதியில்லாத கடிகாரத்துக்கும் மணி திருத்துவதற்காகக் குமிழைத் திறக்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் நாளொன்றுக்கு இரண்டு விநாடி பிசகும் நல்ல கடிகாரம் ஒரு மாதத்தில் ஒரு நிமிஷந்தான் தவறும். அந்த ஒரு நிமிஷத்தைப் பொறுத்துக்கொள்ள மனம் இடங்கொடுக்கும், தவறான தேதியைப் பொறுத்துக்கொள்ள இடங்கொடாது. நின்றுபோன கடிகாரத்தை மறுபடி ஓட்டும்போதோ வித்தியாசம் இன்னும் பெரிது. தேதியில்லாததற்கு முட்களைச் சரியான மணியில் நிறுத்தினால் போதும். தேதியுள்ளதற்கு அது பகலா இரவா என்று பார்த்து, பல யந்திரங்களில் இரவு ஒன்பதுக்கும் பின்னிரவு மூன்றுக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தவிர்த்துத் தேதியைத் திருப்ப வேண்டும். அந்த வேளையில் தேதியை மாற்றும் பல் ஏற்கெனவே சக்கரத்தைப் பற்றிக்கொண்டிருப்பதால், அவசரப்பட்டுத் திருப்புகிறவர் அதை முறித்துவிடக்கூடும்.

ரோலெக்ஸ் ‘சப்மரீனர்’ இதற்குச் சிறந்த உதாரணம். 1953 முதல் தேதியில்லாமலே இருந்த அந்தக் கடிகாரத்துக்கு, 1960களின் இறுதியில்தான் தேதியும், கண்ணாடியின் மேல் தேதியைப் பெரிதாக்கிக் காட்டும் வில்லையும் சேர்ந்தன. அந்த முதல் தேதி சப்மரீனர்களில் தேதியைத் தனியே திருத்தும் வசதி கிடையாது. முட்களைச் சுற்றிச் சுற்றியே நாளைக் கடத்த வேண்டும். அவற்றைப் பழுதுபார்க்கும் கைவினைஞர், நள்ளிரவுக்கு முன் சில மணி நேரம் வில்லில் வலுவைச் சேர்த்து ஒரே தாவலில் தேதியை மாற்றும் நெம்புகோல்களையும் கவனிக்க வேண்டியிருக்கிறது, எண்கள் அச்சிட்ட வட்டத் தகட்டையும் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தகடு பழுத்து நிறம் மாறினால், பிற்காலத்துத் தகட்டை மாட்டிவிடுகிறார்கள்; எண்களின் எழுத்து வடிவமே மாறிவிடுவதால், கடிகாரம் தன் காலத்துக்குரிய முகத்தை இழக்கிறது.

2020இல் ரோலெக்ஸ் இரண்டு வகைச் சப்மரீனர்களையும் புதுப்பித்தபோது, தேதியுள்ளதில் 3235, தேதியில்லாததில் 3230 என்ற யந்திரங்களை வைத்தது. இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் முழுச் சாவியில் சுமார் 70 மணி நேரம் ஓடுபவை. தேதி யந்திரமும் மிக உறுதியானதே. ஆகையால் இன்றோ, அடுத்த சர்வீஸிலோ, பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது என்பதை நான் மறுக்கவில்லை. என் கவலையெல்லாம் மூன்றாவது, நான்காவது சர்வீஸைப் பற்றியது. அப்போது உதிரி பாகம் யாரிடம் இருக்கும்?

இந்தக் கேள்வி வெறும் கற்பனையன்று. ஐரோப்பாவின் சுதந்திரக் கடிகாரப் பழுதுபார்ப்போரின் சங்கங்கள் ஒன்றுகூடி, பெரிய சுவிஸ் நிறுவனங்கள் தங்களுக்கு உதிரி பாகங்களை விற்க மறுக்கின்றன என்று 2004இல் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டன. நெடுங்காலம் இழுபட்ட அந்த வழக்கில், 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அவர்களுக்குப் பாதகமாகவே தீர்ப்பளித்தது. சட்டம் எப்படியிருந்தாலும், தலைமுறை தலைமுறையாக அந்த வித்தையைக் கற்ற கைவினைஞர்களுக்கு ஒரு நெம்புகோலோ பல்சக்கரமோ கிடைக்காமற் செய்வது, கடிகாரத்தை வாங்கியவருக்கே செய்யும் அநீதி என்று நான் கருதுகிறேன். தலைமுறைகளுக்கு நிலைக்கும் என்று சொல்லி விற்கிறவர்களுக்கு, தலைமுறைகளுக்குப் பாகம் கொடுக்கும் கடமையும் உண்டு. அந்தக் கடமையை அவர்கள் ஏற்காதவரையில், பாகங்கள் குறைந்த கடிகாரத்தைத் தேர்ந்தெடுப்பதே வாங்குகிறவருக்கு இருக்கும் தற்காப்பு.

ஏற்கெனவே தேதியுள்ள கடிகாரத்தை வைத்திருப்பவர்கள் மனம் வருந்த வேண்டியதில்லை. சிரத்தை சிறிது கூடுதலாக வேண்டும், அவ்வளவே. தேதியை உலர்ந்த அறையில் திருத்துவதும், நீரில் இறங்குமுன் குமிழ் இறுகியிருப்பதைச் சோதிப்பதும், கடல்நீரிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, சுழலும் வெளிவளையத்தின் இடுக்கில் உப்பு தங்காமல் திருப்பி அலசுவதும் பழக்கமாக வேண்டும். நீந்துகிறவர்கள் வருஷத்துக்கொரு முறை அழுத்தப் பரீட்சை செய்துகொள்வது அவசியம். காற்றழுத்தத்தில் கூட்டின் நுண்ணிய அசைவை அளந்து கசிவைக் காட்டும் கருவிகள் இருப்பதால், கடிகாரத்தை நனைக்கவே தேவையில்லை. முழு சர்வீஸுக்கு ரோலெக்ஸ் ஏறக்குறைய பத்து வருஷ இடைவெளியையும், ஒமேகா ஐந்து முதல் எட்டு வருஷத்தையும் சொல்கின்றன. கண்ணாடியின் உட்புறம் ஒரு தடவை ஆவி படர்ந்துவிட்டாலோ, அந்தக் கணக்கையெல்லாம் மறந்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

கொடுக்கும்போது, கூட்டை மெருகேற்ற வேண்டாமென்று எழுத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒவ்வொரு மெருகிலும் போகிற எஃகு திரும்பி வராது. டயல், முள், தேதித் தகடு என்று எதையாவது மாற்ற நேர்ந்தால், கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.