தண்ணீரும் ஒரு கரைப்பானே
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கஷாயத்தையும் வேதியியலையும் சேர்த்துப் பேசினால் நம் கல்லூரியில் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. "இதெல்லாம் நம் பாட்டிமார்களுக்கு அன்றே தெரியும்" என்பார் சிலர். "அதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி வேண்டும், அரசுக் கல்லூரியில் நடக்கிற காரியமா?" என்பார் வேறு சிலர். இரண்டையும் நான் ஏற்பதற்கில்லை.

இலையிலுள்ள பயன்தரும் பொருள்களைப் பிரித்தெடுக்க நாம் கற்கும் வழி சாக்ஸ்லெட் முறை. பாலின் கொழுப்பை அளப்பதற்காக 1879-இல் வந்த கருவி அது. மெத்தனாலையோ ஹெக்சேனையோ ஊற்றி மணிக்கணக்கில் கொதிக்க விடுகிறோம். மெத்தனால் உள்ளே போனால் கண்பார்வையைப் பறிக்கும். ஹெக்சேன் ஆவியை நெடுநாள் சுவாசித்தால் நரம்பு கெடும். மருந்துப் பொருளை எடுக்க நஞ்சை ஊற்றி, பிறகு அந்த நஞ்சை நீக்கப் பாடுபடுவது எனக்கு விந்தையாகவே படுகிறது.

தண்ணீரை ஊற்றினால் என்ன? முருங்கைக் கீரையில் குவர்செட்டின் என்ற பொருள் பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்து இருக்கிறது. தனிக் குவர்செட்டின் 25 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம்தான் கரையும். 140 டிகிரியில் அதே லிட்டரில் 600 மில்லிகிராமுக்கு மேல் கரைகிறது! காரணம், சூடேற ஏற நீரின் முனைவுத்தன்மை குறைகிறது. அறை வெப்பநிலையில் 80-ஐ ஒட்டியிருக்கும் அதன் மின்காப்பு மாறிலி, 250 டிகிரியில் 27 அளவுக்கு இறங்கிவிடுகிறது. மெத்தனாலுக்கு 33, எத்தனாலுக்கு 24. சூடான தண்ணீர் சாராயத்தின் குணத்தைப் பெற்றுவிடுகிறது எனலாம். அழுத்தத்தின் வேலை, பெரும்பாலும், நீரை ஆவியாகாமல் பிடித்து வைப்பதே. 150 டிகிரிக்குச் சுமார் 5 வளிமண்டலம் போதும். 200 டிகிரிக்கு 15-க்குச் சற்று மேல்.

பாட்டியின் கஷாயச் சட்டி திறந்த பாத்திரம். நாலில் ஒன்றாகச் சுண்டினாலும் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பாட்டியிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 140 டிகிரித் தண்ணீரை அவர் கண்டதில்லை.

கருவி இல்லை என்போருக்கு ஒரு செய்தி. 2015-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தார், வீட்டில் காப்பி போடும் எஸ்பிரெஸோ இயந்திரத்திலேயே அன்னாசிப்பூவைப் போட்டு ஷிகிமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். டாமிஃப்ளூ மருந்துக்கு மூலப்பொருள் அது. அங்கே நீர் கொதிநிலையைத் தாண்டுவதில்லை; அழுத்தம் அதைத் தூளினூடே விரைவாகத் தள்ளுகிறது. கிராம்பிலிருந்து யூஜினால் எடுப்பதையும் அவர்கள் அதே இயந்திரத்தில் செய்து காட்டினார்கள்.

நம்மிடம் காப்பி இயந்திரம் இல்லை. பிரஷர் குக்கர் இருக்கிறது. அதில் நீர் 120 டிகிரி வரை போகும். (எடையின் மேல் எடை வைத்து இன்னும் ஏற்றலாமே என்று எந்த நண்பரும் துணிய வேண்டாம்.) உலர்ந்த முருங்கைத் தூளை இரு சம பங்காக்கி, ஒன்றைத் திறந்த பாத்திரத்திலும் மற்றொன்றைக் குக்கரிலும், அதே அளவு நீரில் அதே நேரம் வைப்போம். ஃபோலின் வினைப்பொருளைச் சேர்த்து நிறமானியில் அளப்போம். நீல நிறம் கூடினால் உடனே கைதட்டிவிடக் கூடாது. சூட்டில் சர்க்கரையும் புரதமும் கூடிப் பழுப்பேறும் பொருள்களும் அதே நீலத்தைக் காட்டும். வைட்டமின் சி பெருமளவு அழிந்தும் போகும். எவ்வளவு வந்தது, எவ்வளவு கெட்டது என்று பிரித்துச் சொல்வதுதான் கடினமான வேலை. அந்த வேலைக்கு நாம் போதுமானவர்களே என்பது என் கருத்து.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊருக்குப் போனால், "அங்கே என்னதான் செய்கிறாய்?" என்று அம்மா கேட்பார். சாக்ஸ்லெட்டை விளக்க இன்றுவரை எனக்கு வாய் வந்ததில்லை. குக்கரை அவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஏன் கீரை அதில் நிறம் மாறுகிறது என்று அவரே என்னைக் கேட்பார்.

அடுத்த பருவத்தில் ஒரு செய்முறை வகுப்பை, மூன்று மணி நேரத்தை, இதற்கு ஒதுக்கித் தருமாறு துறைப் பேராசிரியர்களை வேண்டுகிறேன். கீரையை நான் கொண்டு வருகிறேன். எங்கள் கொல்லையில் இரண்டு மரம் நிற்கிறது.