விட்டாலும் பிழைக்காத மீன்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தோட்டம் துரவு வைத்திருப்பவர்கள் பலருக்குச் சொந்தக் குட்டை ஒன்று இருக்கும். மாடு தண்ணீர் குடிக்க வெட்டியதாக இருக்கும். பிறகு மீன் விட்டிருப்பார்கள். லார்ஜ்மவுத் பாஸ், புளூகில், கெளுத்தி ஆகியவைதான் அதில் வழக்கமான குடித்தனக்காரர்கள். கூடவே பலர் ஆசையாக வாங்கி விடுவது கலப்பின ஸ்ட்ரைப்டு பாஸ்.

தென் கரோலினாவில் 1965இல் ஸ்ட்ரைப்டு பாஸின் முட்டையையும் ஒயிட் பாஸின் விந்தையும் சேர்த்துப் பொரிக்கவைத்த மீன் இது. தாய், கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றில் ஏறும் இனம். நம் கொடுவா முட்டையிடக் கடலுக்கு இறங்கும். ஸ்ட்ரைப்டு பாஸ் அதற்கு நேர் எதிர். தகப்பன் அசல் நன்னீர்வாசி. பிள்ளையின் வெள்ளி உடம்பில் ஓடும் கருவரிகள் நூல் விட்ட தையல்போல அங்கங்கே அறுந்து நிற்கும். அதுதான் அடையாளம்.

குட்டைக்காரர்களுக்குப் பிடித்த குணம், இது தானாகப் பெருகாது என்பது. கோவேறு கழுதைபோல மலடு என்று சிலர் சொல்வது தவறு. இதன் முட்டை ஓடும் நீரில் மிதந்துபோனால்தான் பொரியும். தேங்கிய நீரில் சேற்றில் அமுங்கிச் செத்துவிடும். ஆகவே எத்தனை விட்டார்களோ அத்தனைதான். ஆனால் கனமழையில் குட்டை நிரம்பி வழிந்து மீன் ஆற்றில் சேர்ந்தால், அங்கே தாய் தகப்பன் இனங்களோடு கலந்துவிடும். கலிங்கில் கம்பிவலை கட்டாதவர் இதை வாங்கவே கூடாது.

மாலையில் ஒரு கை மிதவைத் தீவனம் வீசினால் போதும், உலை கொதிப்பதுபோல நீர் பொங்கும். கூட்டமாக வந்து அடிக்கும் மீன் இது. தூண்டிலில் சிக்கினால் ரீலில் இருக்கும் நரம்பையெல்லாம் உருவிக்கொண்டு ஓடும். ஆர்கன்சாஸின் கிரியர்ஸ் ஃபெர்ரி ஏரியில் 1997இல் பிடிபட்ட உலக சாதனை மீன் 12 கிலோவுக்கு மேல். குட்டையில் அந்தக் கனவு வேண்டாம். தீவனம் போட்டால் இரண்டு ஆண்டில் ஒரு கிலோவைத் தொட்டாலே நல்ல வளர்ச்சி.

சிக்கல் இந்த முரட்டுத்தனத்தில்தான் இருக்கிறது. களைத்து ஓயும்வரை போராடுவதால் தசையில் லாக்டிக் அமிலம் ஏறிவிடும். வெயில் காலத்து வெதுவெதுப்பான நீரிலோ ஆக்சிஜன் குறைவு. பிடித்தவர் படம் எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையோடு திரும்ப விடுகிறார். மீனும் வாலை அசைத்துக்கொண்டு உள்ளே போகிறது. மறுநாள் காலை வயிறு மேலாகக் கரை ஒதுங்குகிறது. அதைப் பார்த்த பிறகும் ‘விட்டுவிட்டேன்’ என்று பெருமை பேசுவது சரியில்லை. கோடையில் பிடித்த மீனை உடனே பனிக்கட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் நியாயம். வெள்ளைச் சதை, வறுவலுக்கு நன்றாக இருக்கும்.

டெக்சஸ், கரோலினா பக்கம் இருக்கும் உறவினரோ நண்பரோ ஜூலையில் குட்டைக்கு அழைத்தால், தீவனம் போட்டு வேடிக்கை பாருங்கள். பிடித்து விடும் விளையாட்டை நீர் குளிர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.