மக்காச்சோளம் கோழிக்கு மட்டுந்தானா?

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கரிசலில் மானாவாரியாக விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனமாகவே லாரி ஏறுகிறது. அம்மணியிலுள்ள லூட்டீன், சியாசாந்தின் என்னும் நிறமிகளே முட்டைக் கருவை மஞ்சளாக்குகின்றன. நம் விழித்திரையைக் காப்பவையும் அவையே! கோழிக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தை முட்டையில் விலைக்கு வாங்குகிறோம். நல்ல வேடிக்கை!

2017-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் 'பூசா விவேக் கியூபிஎம் 9' மேம்படுத்தப்பட்ட வீரிய ஒட்டு இரகம் வெளிவந்தது. உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் நிறமிகளோடு, லைசின், டிரிப்டோபேனும் அதில் மிகுதி. நம் உழவர் அதைப் பயிரிடலாமே என்பீர்கள். தீவன வியாபாரி எடைக்குத்தான் பணந்தருவார், சத்துக்கன்று. ஆகவே பள்ளிச் சத்துணவுக்கென அரசே கூடுதல் விலைக்குக் கொள்முதல் செய்யவேண்டும் என்பது என் கருத்து.

வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடுமென அஞ்சவேண்டா. தோலில் பிணைந்துள்ள ஃபெருலிக் அமிலம் வெந்தபின்புதான் நன்கு வெளிப்படுகிறது. ஆனால் மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்தால் கரோட்டின் குறையும். அறுவடையானதும் பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும்.