தேறியவனுக்குக் கிரெடிட் எங்கே?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் மாணவர்களுக்கு 'ஏ.பி.' என்றொரு பரீட்சை உண்டு. காலேஜ் தரத்துப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, மே மாதத்தில் எழுத வேண்டும். மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவருக்குப் பல காலேஜுகள் கிரெடிட் தருகின்றன. பட்டத்துக்குச் சாதாரணமாக வேண்டிய 120 கிரெடிட்டில் சில இப்படிக் கழிந்தால், ஒரு பருவத்துச் சம்பளம்கூட மிச்சமாகலாம். காலேஜ் படிப்புக்காக மக்கள் அங்கே சர்க்காருக்குப் பட்டிருக்கும் கடன் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் கோடி டாலர்! ஒரு பருவச் சம்பளம் மிஞ்சுவது பாட்டாளி வீட்டுக்குச் சின்ன விஷயமா?

ஆனால் இத்திட்டம் பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்காகப் பிறந்ததல்ல. 1950-களின் தொடக்கத்தில் ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்ற மூன்று பணக்காரப் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் சர்வகலாசாலைகளும் கூடி ஆராய்ந்ததில் முளைத்தது. போர்டு மோட்டார் குடும்பத்து நிதி கைகொடுத்தது. 1955-ல் காலேஜ் போர்டு என்ற ஸ்தாபனம் இதை ஏற்றது.

ஏழைப் பிள்ளைகள் உள்ளே நுழைந்தபோது நடந்ததைக் கேளுங்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில், மெக்ஸிக வம்சாவளி உழைப்பாளிகள் நிறைந்த வட்டாரத்தில் உள்ளது கார்பீல்டு ஹைஸ்கூல். 1982-ல் ஹைமே எஸ்கலான்டே என்ற ஆசிரியரின் மாணவர்கள் 18 பேர் கால்குலஸ் பரீட்சை எழுதி, 18 பேரும் தேறினர். உடனே பரீட்சை அதிகாரிகள் 14 பேர்மீது சந்தேகம் கிளப்பினர். விடைகளில் ஒரே மாதிரிப் பிழை இருந்ததாம்! 12 பேர் மறுபடி எழுதினர். 12 பேரும் மறுபடி தேறினர். சீமான்கள் பள்ளியாக இருந்தால் இந்தச் சந்தேகம் எழுந்திருக்குமா?

இன்றும் வில்லங்கம் தீரவில்லை. 2025-ல் ஒரு பரீட்சைக்குக் கட்டணம் 99 டாலர். ஏழைகளுக்குச் சலுகை உண்டு. கட்டணம் கட்டி, எழுதித் தேறிய பிறகும், கிரெடிட் தருவதா வேண்டாமா என்பது காலேஜின் இஷ்டம். 2014 முதல் சேர்ந்தவர்களுக்கு டார்ட்மவுத் காலேஜ் இந்தக் கிரெடிட்டையே நிறுத்திவிட்டது. உழைத்த நாளை மஸ்டரில் ஏற்றுவது மேஸ்திரியின் இஷ்டம் என்றால் என்ன ஆகும் என்பதை ஆலைத் தொழிலாளி அறிவான்.

இல்லினாய் ராஜ்யத்தில் 2016 முதல், 3 வாங்கியவருக்குப் பொதுக் காலேஜுகள் கிரெடிட் தந்தாக வேண்டும் என்பது சட்டம். வேறு சில ராஜ்யங்களிலும் இப்படிச் சட்டம் உண்டு. நல்லதுதான். ஆனால் எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பதை அங்கும் காலேஜே தீர்மானிக்கிறது. கட்டாயப் பாடத்தில் வைக்காமல் விருப்பப் பாடத்தில் வைத்தால், மாணவனுக்குப் படிப்புக் காலம் குறையாமலே போகலாம். தனியார் காலேஜுகளை இச்சட்டம் தொடுவதே இல்லை. இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். பரீட்சைக் கட்டணம் முழுவதையும் சர்க்காரே ஏற்க வேண்டும்.