கல் பாவினால் போதுமா?

சென்ற சனிக்கிழமை விடுதித் தோழர் இருவருடன் சாந்தினி சௌக்குக்குப் போயிருந்தேன். போனது பராட்டா தின்பதற்கு. திரும்பியதோ ஒரு கேள்வியோடு.

ஷாஜஹானின் மகள் ஜஹானாரா 1650ஆம் ஆண்டளவில் அமைத்த கடைவீதி இது. அன்று வீதியின் நடுவே வாய்க்கால் ஓடிற்று. சதுக்கத்துக் குளத்தில் நிலவொளி விழுந்ததால் இப்பெயர் வந்தது என்பர். பின்னாளில் வாய்க்கால் மறைந்தது, வண்டிகள் நிறைந்தன. 2021இல் செங்கோட்டை முதல் பதேபூரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர் வீதியைப் புதுப்பித்துத் திறந்தார்கள். கல் பாவினார்கள், காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதித்தார்கள். நடந்து செல்பவனுக்கு வீதியைத் திருப்பித் தந்த நற்செயல் இது. மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆயினும் நான் கண்டது என்ன? தடுப்புக் கற்கள் சில பெயர்ந்து கிடந்தன. தடை நேரத்திலேயே ஸ்கூட்டர்கள் ஊர்ந்தன. நிழல் தேடி ஒரு ரிக்‌ஷாக்காரர் சுவரோடு ஒட்டி நின்றார். என் அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். "பாதை நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. நாங்கள் எங்கே நிற்பது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை" என்றார்.

குறை அங்கேதான் இருக்கிறது. திறப்பு விழா ஒருநாள் வேலை; பேணுதல் அன்றாட வேலை. நம் ஊர் ஏரிகளை நினைத்துப் பாருங்கள். வெட்டியதோடு நம் முன்னோர் நிற்கவில்லை. ஊரார் கூடித் தூர் வாரினர், கரையை உயர்த்தினர். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். ஏரி நீரால் வாழ்ந்தவனே அதன் கரையையும் காத்தான்.

பழைய நகர்ப்பகுதிகளுக்கும் அம்முறையே வேண்டும் என்பேன். கடைக்காரர், சுமைகூலி, ரிக்‌ஷாக்காரர், குடியிருப்போர் யாவரும் சேர்ந்த ஒரு குழு. திட்டம் தீட்டும்போதே அதன் பேச்சுக்கு மதிப்பு. ஆண்டுதோறும் பழுது பார்ப்பதற்கென ஒதுக்கிய பணம். இம்மூன்றும் இல்லையேல், எத்தனை கோடி கொட்டினாலும் பழைய கதைதான்.

"அதெல்லாம் அரசின் வேலை, நமக்கென்ன?" என்று கேட்கும் நண்பருக்கு ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு நம் விடுதி முற்றத்தில் நாம் நட்ட மூன்று வேப்பங்கன்றுகளில் இன்று நிற்பது ஒன்றே. நட்ட அன்று படம் எடுத்துக்கொள்ள இருபது பேர் நின்றோம். மறுநாள் தண்ணீர் ஊற்ற எத்தனை பேர் வந்தோம்?

எஞ்சிய அந்த ஒன்றுக்காவது நாளை முதல் முறை போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம். நாளைய முறை என்னுடையது.